மார்பக மறுசீரமைப்பு: அது எந்த மூன்று நாள், பாலா சார்?

திருச்சி வளர்மதி:
நேற்று வேறொரு இழையில் பாலா சார் எழுதியது இது: "மார்பை எடுத்த பிறகு மறுசீரமைப்பு செய்யாமல் இருப்பது அறியாமை. வயிற்றுக் கொழுப்பை எடுத்து வைத்துத் தைக்கிறார்கள், மூன்று நாளில் வீடு." படித்ததிலிருந்து மனசே சரியில்லை. 2016-இல் எனக்கு இடது மார்பை எடுத்தார்கள். அப்போது 43 வயது. எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். அறியாமையில் சொல்லவில்லை. மூன்று நாள் என்று எந்த டாக்டர் சொன்னார்?

பாலா:
என் மனைவிக்கு நடந்ததைத்தான் எழுதினேன். வியாழக்கிழமை ஆபரேஷன், ஞாயிற்றுக்கிழமை வீடு. எண்ணிப் பாருங்கள்.

திருச்சி வளர்மதி:
வீட்டுக்கு வந்தார், சரி. புண்ணில் ஊறும் நீரை வடிக்கும் டிரெயின் டியூபோடு வந்தாரா, டியூபை எடுத்த பிறகு வந்தாரா? நிமிர்ந்து நடந்து வந்தாரா?

செவிலி தேன்மொழி:
வயிற்றுச் சதையை ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நெஞ்சிலுள்ள குழாயோடு இணைக்கிறார்கள். பல மணி நேரம் ஆகும். முதல் நாள் மணிக்கொரு தரம் அந்தச் சதையின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்போம். நிறம் மாறினால் மறுபடி ஆபரேஷன் தியேட்டர்தான். "எடுத்து வைத்துத் தைக்கிறார்கள்" என்று யாரும் எழுத வேண்டாம். முதுகுத் தசையை வைத்துச் செய்வது வேறு, சிலிக்கோன் இம்பிளான்ட் வைப்பது வேறு. நீங்கள் இருவரும் சொல்லும் மூன்று நாள் டிஸ்சார்ஜ் வரைக்குமா, உடம்பு தேறும் வரைக்குமா? அதை முதலில் சொல்லுங்கள்.

பாலா:
மூன்று நாள்தான். டிஸ்சார்ஜ் சம்மரி என் பீரோவில் இருக்கிறது.

கோவை ரேவதி:
வளர்மதி அக்கா போன வருடமும் இதையேதான் செய்தார். சிலிக்கோன் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, 2019-இல் அலர்கன் கம்பெனி தன் மார்பக இம்பிளான்டுகளைத் திரும்பப் பெற்ற செய்தியைப் போட்டுப் பயமுறுத்தினார். லிம்ஃபோமா புற்றுநோய் அபாயம் என்று அவர்கள் திரும்பப் பெற்றது சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளவற்றை. எனக்கு வைத்தது வழவழப்பானது. அந்தப் பதிவால் மூன்று வாரம் நான் தூங்கவில்லை, இன்னும் மறக்கவில்லை. எனக்கு 34 வயது. குளித்துவிட்டு என் உடம்பை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் செய்துகொண்டேன். பாலா சார், உங்கள் "அறியாமை"யும் எனக்கு வேண்டாம்.

திருச்சி வளர்மதி:
ரேவதி, செய்துகொள்ளாதே என்று நான் ஒரு இடத்திலும் எழுதவில்லை. 2018-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அறுவையை ஏழைகளுக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்னபோது, அரசுப் பணத்தில் அழகா என்று எத்தனை பேர் கத்தினார்கள்! நான் வரவேற்றேன். அமெரிக்காவில் 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. மார்பை எடுக்கப் பணம் தரும் காப்பீடு மறுசீரமைப்புக்கும் தர வேண்டும், உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்புக்கும் தர வேண்டும். அந்த இரண்டாவதைப் பற்றி இங்கே ஒருவர் பேசினாரா? நான் பருத்தித் துணிக்குள் கடுகு நிரப்பித் தைத்து வைத்துக்கொண்டேன். எடை இல்லாவிட்டால் உள்ளாடை மேலே ஏறிவிடும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். என்னைப் பார்த்த டாக்டர் மறுசீரமைப்பு வேண்டுமா என்று என்னிடம் கேட்கவே இல்லை. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம், "உங்களுக்குப் பரவாயில்லையா சார்?" என்று கேட்டார். பாலா சாரின் மூன்று நாளைப் படித்ததும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

பாலா:
யாரோ ஒரு டாக்டர் கேட்டதற்கு நான் என்ன செய்ய? மூன்று நாள் பொய்யா, இல்லையா?

மதுரை அரசு:
கண்ணகி ஒரு மார்போடுதான் தெய்வமானாள். வலது மார்பைத் திருகி எறிந்த ஊர் எங்கள் ஊர். தமிழ்ப் பெண்களுக்கு இதில் என்ன குறை?

செவிலி தேன்மொழி:
அது இடது மார்பு. மதுரைக்காரருக்கே தெரியவில்லை.

மதுரை அரசு:
இடதோ வலதோ, கருத்தைப் பாருங்கள். ஊரை ஏன் இழுக்கிறீர்கள்?

கோவை ரேவதி:
எனக்குத் தெய்வமாக ஆசையில்லை அண்ணா. ரவிக்கை ஒழுங்காக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சி வளர்மதி:
கண்ணகியை விடுங்கள். வயிற்றில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தையல் போட்டிருப்பார்கள். வாரக்கணக்கில் ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். எங்கள் தெருவில் செய்துகொண்ட ஒருவருக்கு நான்தான் ஒரு மாதம் தலை வாரிவிட்டேன். மூன்று நாளாம்!

பாலா:
வியாழன், வெள்ளி, சனி. மூன்று.

திருச்சி வளர்மதி:
உங்கள் மனைவியை எழுதச் சொல்லுங்கள். டியூப் எத்தனை நாள் இருந்தது, எப்போது நிமிர்ந்து நடந்தார் என்று அவரே சொல்லட்டும்.

பாலா:
அவருக்கு இங்கெல்லாம் எழுத விருப்பமில்லை.

திருச்சி வளர்மதி:
கேட்டீர்களா?