மறு: சூமீஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா,

நாயும் பூனையும் திடீரென்று தலைதெறிக்க அங்குமிங்கும் ஓடுமே, அந்தச் ‘சூமீஸ்’ (zoomies) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் எழுதியது:

> ‘வெறியோட்டம்’ பொருத்தமாகப் படுகிறது.

இது மட்டும் வேண்டாம். நாயையும் வெறியையும் சேர்த்துச் சொன்னால் மலேசியாவில், கெடா மாநிலத்து எங்கள் சுங்கை பட்டாணியில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய் நோய் வந்தது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்லவே உத்தரவு போட்டார்கள். நாய் வளர்ப்புக் கையேட்டில் “குளிப்பாட்டியதும் வெறியோட்டம் வரும், பயப்பட வேண்டாம்” என்று அச்சடித்தால் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) முதலில் கம்பைத்தான் தேடுவார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ஃபிராப் (FRAP) என்று ஓர் ஆய்வுப் பெயரும் உண்டு. விரித்தால், கட்டுக்கடங்காமல் ஒழுங்கின்றி இயங்கும் சிறு பொழுது. வாய்ப்பேச்சில் யாருக்கும் அது வருவதில்லை, சூமீஸ்தான். ‘சூம்’ ஒலியிலிருந்து பிறந்த சொல், நம் ‘விர்’ மாதிரி. அந்தச் ‘சூம்’ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே புழங்கியது. முதல் உலகப்போர்க் கால விமானிகள் விமானம் செங்குத்தாக மேலேறுவதை அப்படிச் சொன்னார்கள். வாலில் ஒட்டிய ‘ஈஸ்’ வெறும் கொஞ்சல்.

இங்கே முன்பு வந்த இன்னொரு சொல்லான ‘துள்ளோட்டம்’ எனக்கும் பிடித்திருக்கிறது, கன்றுக்குட்டிக்கு அளவெடுத்துத் தைத்த சொல். சிக்கல் முயலால் வருகிறது. முயல் மகிழ்ச்சியில் எம்பிக் குதித்து அந்தரத்திலேயே உடலைத் திருப்பும். அதற்கு ஆங்கிலத்தில் ‘பிங்கி’ என்று தனிப்பெயர். துள்ளலை அதற்கு விட்டுவைப்போம். நாயோ பின்புறத்தைத் தாழ்த்தி, வாலை இடுக்கிக்கொண்டு வட்டமடிக்கும். பூனை மலம் கழித்த கையோடு வீட்டைச் சுற்றிப் பறக்கும். (அந்தி நேரத்துப் பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.) இங்கெல்லாம் ஓட்டம்தான் பெரிது.

என் பரிந்துரை ‘கிறுக்கோட்டம்’. கிறுக்குப் பிடிப்பதும் கிறுக்கு, தாளில் கண்டபடி கோடு இழுப்பதும் கிறுக்குவதுதான். நாய் ஓடிய தடத்தை வரைந்து பாருங்கள், அப்படித்தான் இருக்கும். ஆய்வுப் பெயரிலுள்ள ‘ஒழுங்கின்றி’யும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சொல் தரக்குறைவு என்பீர்கள். சரி, சூமீஸ் மட்டும் என்ன பண்டிதர் சொல்லா?

அப்புறம் வினைச்சொல். ஆங்கிலத்தில் இதை ஏதோ நோய் வந்ததுபோலத்தான் சொல்கிறார்கள். நமக்கும் ‘பிடித்தல்’ இருக்கிறதே: “நாய்க்குக் கிறுக்கோட்டம் பிடிச்சிருச்சு.” லயத்துப் பாட்டிக்கும் விளக்கம் தேவைப்படாது.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் நாயோடு நிறுத்தாமல் பூனைக்கும் முயலுக்கும் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கன்றுக்குத் துள்ளோட்டமே இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.