ஒல்லியான, உயரமான டயர் போடலாமா? நாளைக்கே வாங்கணும்

மண்வெட்டி (புது உறுப்பினர்), வெள்ளி இரவு 10.40
வணக்கம். என் பிக்கப்புக்கு டயர் மாற்ற வேண்டும். அகலம் குறைந்து உயரம் கூடிய டயர்தான் சேற்றுக்கு நல்லது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். போன வாரம் சேற்றில் மாட்டி, டிராக்டர் வைத்து இழுத்ததில் 1,500 ரூபாய் போனது. காலையில் சென்னை ஜி.பி. ரோடு டயர் கடைகளுக்குப் போகிறேன். என்ன சைஸ் கேட்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

கத்திப்பாரா_சுழல், 10.52
என்ன வண்டி? பொலேரோவும் பிக்கப், ஹைலக்ஸும் பிக்கப், தோஸ்த்தும் பிக்கப்.

போரூர்_ஸ்பானர், 10.58
இப்போது ஓடுகிற சைஸ் என்ன? ஃபோர் வீல் டிரைவ் உண்டா? மாட்டியது மணலிலா, களிமண்ணிலா? இதெல்லாம் தெரியாமல் சைஸ் சொன்னால் அது ஜோசியம்.

ஜீப்_தாத்தா, 11.05
தம்பி, வீடியோவில் சொன்னது சரி. தேனி மாவட்டத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பாருங்கள். 6.00-16 டயர், ஒரு சாண் அகலம்கூட இருக்காது. மழையில் பத்துப் பதினைந்து பேரோடு ஏறுகிறது. மேல்சேற்றைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் காலத்தில் எல்லாமே ஒல்லி டயர்தான்.

அச்சாணி (மூத்த உறுப்பினர்), 11.20
மாதம் ஒருவர் இந்தக் கேள்வியோடு வருகிறார். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அலங்காரத்துக்கு அல்ல. வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் "சீக்கிரம்" என்று கேட்பவருக்கு என்ன சொல்வது? டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வரவும்.

மண்வெட்டி, 11.34
மன்னிக்கவும். இசுஸு வி-கிராஸ், 2017 மாடல், ஃபோர் வீல் உண்டு. டயரில் 255/65 ஆர் 17 என்று இருக்கிறது. உத்திரமேரூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஏரியை ஒட்டிய வண்டித்தடத்தில்தான் மாட்டியது. பின்னால் இருக்கும் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. முதலில் அந்த இரண்டை மட்டும் உயரமாகப் போடலாம் என்று நினைக்கிறேன். முன்னால் இருப்பது இன்னும் ஒரு வருடம் வரும்.

போரூர்_ஸ்பானர், 11.37
ஐயோ, வேண்டாம்! இரண்டு மட்டும் மாற்றாதீர்கள். அந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பின் டயர் உயரம், முன் டயர் குட்டை என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டும் போகும் தூரம் வேறு. சேற்றில் சறுக்கிச் சமாளிக்கும். கெட்டித் தரையில் ஒன்றையொன்று முறுக்கி டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இழுவையை இரண்டு அச்சுக்கும் பிரிக்கும் பெட்டி) வேட்டு வைக்கும். போட்டால் நான்கும் ஒரே சைஸ். முடிந்தால் ஸ்டெப்னியும்.

அச்சாணி, 11.55
இப்போதுதான் கேள்வி கேள்வி மாதிரி இருக்கிறது. கணக்குப் பார்ப்போம். முதல் எண் டயரின் அகலம் மி.மீ.இல், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி ரிம் அளவு அங்குலத்தில். 255/65 ஆர் 17 டயரின் மொத்த உயரம் சுமார் 763 மி.மீ. எல்லோரும் கும்பிடும் 235/85 ஆர் 16 சுமார் 806. வித்தியாசம் 43 மி.மீ. என்றதும் வாய் பிளக்க வேண்டாம், அச்சு உயர்வது அதில் பாதிதான், 21 மி.மீ. அதற்காக 16 அங்குல ரிம் ஐந்து வாங்க வேண்டும். ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம் என்று கேட்டால் ரிம் கிடைக்கும். ஆனால் முன் பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று மாட்டிச் சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 105க்கு மேல் இருக்கும். எல்லா கியரும் அதே அளவுக்கு நீளும், ஏற்றத்தில் இழுவை குறையும். அந்த சைஸ் பெரும்பாலும் லோடு வண்டி ரகம், 120 லோடு இண்டெக்ஸ், அதாவது ஒரு டயருக்கு 1,400 கிலோ. காலி வண்டியில் போனால் இடுப்பு சொல்லும்.
இன்னொன்று. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து இந்த மாதிரி அபூர்வ சைஸ் நினைத்தபோது கிடைக்காது. ஒன்று கிழிந்தால் ஜோடிக்கு எங்கே போவீர்கள்?

கத்திப்பாரா_சுழல், சனி காலை 6.10
இருக்கிற ரிம்மிலேயே 245/70 ஆர் 17 போடுங்கள். உயரம் 775. அகலம் 10 மி.மீ. குறைவு, உயரம் 12 மி.மீ. கூடுதல். மீட்டர் ஒன்றரை சதவீதம்தான் பிசகும். வீல் ஆர்ச்சில் எதையும் வெட்ட வேண்டாம். ஏ.டி. (தார் ரோடு, மண் தடம் இரண்டுக்குமான) ரகம் போதும், நீங்கள் உத்திரமேரூர் போவதற்கும் தார் ரோட்டில்தான் போக வேண்டும்.

ஈசிஆர்_ரைடர், 6.45
வாங்கினதும் கோவளம் மணலில் இறக்கிப் பாருங்கள் ப்ரோ, டயரின் தரம் தெரிந்துவிடும்.

உப்புக்காற்று, 6.58
தயவுசெய்து வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. சக்கரத்தடம் குஞ்சுக்குப் பள்ளத்தாக்கு மாதிரி, விழுந்தால் ஏற முடியாது.

வயல்காட்டான், 7.20
ஜீப் தாத்தாவிடம் ஒரு கேள்வி. ஒல்லி டயர்தான் சேற்றுக்கு என்றால், சேற்றுழவில் டிராக்டருக்கு கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டுவது எதற்கு? அகலம் கூட்டத்தானே? மலையில் மண்ணுக்கு அடியில் பாறை இருக்கிறது, வெட்டிக்கொண்டு போனால் பிடிமானம் கிடைக்கும். ஏரி வண்டலில் ஒல்லி டயர் எதைத் தேடி இறங்கும்? பாதாளத்தையா?

ஜீப்_தாத்தா, 7.41
கேஜ் வீல் உழுவதற்கு, ஊருக்குப் போவதற்கு அல்ல. என் அப்பா மாட்டு வண்டியில் நெல் ஏற்றி அதே வண்டலில்தான் வந்தார். சக்கரம் ஆள் நெஞ்சு உயரம், அகலம் மூன்று விரல். அதைவிட ஒல்லி, உயரம் எது?

வயல்காட்டான், 7.50
மாட்டு வண்டியில் சக்கரமா இழுக்கிறது? மாடு இழுக்கிறது, சக்கரம் உருண்டால் போதும். பிக்கப்பில் சக்கரமேதான் மாடு. அதுதான் மண்ணைப் பிடித்து உந்த வேண்டும். டயர் வண்டி வந்ததும் கட்டை வண்டி ஏன் ஒழிந்தது என்றும் யோசியுங்கள் தாத்தா.

ஜீப்_தாத்தா, 7.58
டயர் வண்டி வந்தது தார் ரோடு வந்ததால். உங்களுக்கு வயது என்ன?

அச்சாணி, 8.15
இரண்டு பேரும் பாதி சரி. டயர் தரையில் பதியும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது சுமையும் காற்றழுத்தமும். அகலம் மாறினால் பரப்பைவிட அதன் வடிவம்தான் அதிகம் மாறும். ஒல்லிக்கு நீளத் தடம், அகலத்துக்குக் குட்டைத் தடம். நீளத் தடத்துக்கு முன்னால் தள்ள வேண்டிய சேறு குறைவு, ஒல்லி டயரின் லாபம் அதுதான். அடியில்லாத வண்டலில் எந்த டயரும் இறங்கும். மண்வெட்டி அவர்களே, மாட்டிய அன்று காற்று எவ்வளவு இருந்தது? இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, ஆச்சரியம்தான்.

மண்வெட்டி, 8.31
எப்போதும் பெட்ரோல் பங்கில் 40 அடிக்கச் சொல்வேன், லோடு ஏற்றுவதால். அன்று வண்டி காலி.

போரூர்_ஸ்பானர், 8.36
காலி வண்டி, 40 பிஎஸ்ஐ, வழுக்கை டயர், ஏரி வண்டல். டயர் உருண்டைக்கல் மாதிரி இருந்திருக்கும்! அடுத்த முறை தடத்தில் இறங்கும் முன் 20க்கு இறக்குங்கள். 15க்குக் கீழே போனால் ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடலாம். திரும்பித் தார் ரோட்டில் ஏறும்போது மறக்காமல் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், டிராக்டர் கூலியை மிச்சம் பிடிக்கும்.

எஃப்சி_புலம்பல், 9.02
யாரும் சட்டம் பேசவில்லையே? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மஞ்சள் போர்டு என்றால் எஃப்சியில் (தகுதிச் சான்றுக்கான சோதனை) டயர் சைஸையும் பார்ப்பார்கள்.

கத்திப்பாரா_சுழல், 9.10
வெள்ளை போர்டா மஞ்சள் போர்டா என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை. மண்வெட்டி சார், கடைக்குப் போய்விட்டீர்களா? டயரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம். பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை.

ஜீப்_தாத்தா, 9.25
வயதைக் கேட்டேன், பதில் வரவில்லை.

மண்வெட்டி, 16 நாள் கழித்து
245/70 ஆர் 17, ஏ.டி., நான்கும் போட்டேன். ஸ்டெப்னி பழையதுதான். நேற்று நல்ல மழை, காற்றை 20க்கு இறக்கிக்கொண்டு அதே தடத்தில் போய் வந்தேன். மாட்டவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஜீப்_தாத்தா, அன்று இரவு
பார்த்தீர்களா, ஒல்லி, உயரம்.

வயல்காட்டான்
10 மி.மீ. தாத்தா. என் சுண்டுவிரல் அகலம்.

போரூர்_ஸ்பானர்
வண்டி வந்தது புது டயராலா, காற்றை இறக்கியதாலா? பழைய டயரில் 20 வைத்து ஒரு தடவையாவது பார்த்தீர்களா? முன்னால் இருந்த இரண்டும் நன்றாக இருந்தன என்றீர்களே, அவற்றை என்ன செய்தீர்கள்? விற்பதாக இருந்தால் எனக்கு ஒரு தகவல் போடுங்கள்.