கறுப்பினக் கல்லூரிகளில் தொழில்முனைவு: கூட்டு யாரோடு, சாவி யார் கையில்?

கார்குழலி (அட்லாண்டா)

இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வேலைக்குப் போகும் வழியில் தினமும் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் என்ற கறுப்பினக் கல்லூரிகளின் வளாகங்களைத் தாண்டித்தான் போகிறேன். நெடுநாளாக மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: கறுப்பின மக்களைப் படிக்கவைப்பதையே முதல் வேலையாகக் கொண்டு 1964-க்கு முன்பு தொடங்கிய கல்லூரிகளை அமெரிக்கச் சட்டம் தனி வகையாக வைத்திருக்கிறது. ஏறத்தாழ நூறு இருக்கின்றன. பல மிகச் சிறியவை.

இங்கிருந்து புது நிறுவனங்கள் கிளம்ப வேண்டும் என்றால் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஆய்வகம், காப்புரிமைப் பிரிவு, முதலீட்டாளர் தொடர்பு என்று கட்டிக்கொண்டிருக்க முடியாது. சேர்ந்தால்தான் முடியும். அட்லாண்டா அதை 1929-லேயே செய்தது. அட்லாண்டா பல்கலைக்கழகமும் மோர்ஹவுஸும் ஸ்பெல்மனும் அந்த ஆண்டு ஒரே கூட்டமைப்பாயின. இன்று அங்குள்ள கல்லூரிகளுக்குப் பொதுவாக ஒரே நூலகம்தான். ஒரு கல்லூரி மாணவர் இன்னொன்றில் பாடம் எடுக்கலாம். 1969-ல் இதே ஊரின் பெரிய பொறியியல் பல்கலைக்கழகமான ஜார்ஜியா டெக்கோடு இரட்டைப் பட்டத் திட்டம் வந்தது. மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே, கையில் இரண்டு பட்டம். 2021-ல் ஆப்பிள் நிறுவனம் 2.5 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, மின்சார நிறுவனமான சதர்ன் கம்பெனியும் சேர்ந்து, எல்லாக் கறுப்பினக் கல்லூரிகளுக்குமான புத்தாக்க மையமாக புரொபெல் சென்டரை அறிவித்தார்கள். இந்தப் பாதைதான் சரி என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பொன்னரசு

கார்குழலி, நல்ல மனதோடு எழுதியிருக்கிறாய். ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. 'கூட்டு' என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் கல்லூரிகளின் பழைய ஆசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு இரண்டு ஊர்க் கதை போதும்.

டல்லஹாசியில் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கறுப்பினக் கல்லூரி. அங்கே சட்டக் கல்லூரி இருந்தது. 1966-ல் அதே ஊரில், வெள்ளையருக்கென்று நடந்துவந்த ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் புதிதாக ஒரு சட்டக் கல்லூரியைத் திறந்தது. 1968-ல் இவர்களுடையது மூடப்பட்டது. மறுபடி திறக்க 2002 ஆயிற்று, அதுவும் ஒர்லாண்டோவில்.

அடுத்தது மேரிலாண்ட். மார்கன் ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரி எம்.பி.ஏ. நடத்திக்கொண்டிருக்க, பக்கத்திலேயே டௌசன் பல்கலைக்கழகமும் பால்டிமோர் பல்கலைக்கழகமும் கூட்டாக ஒரு எம்.பி.ஏ. தொடங்கின. பார், அதுவும் 'கூட்டு முயற்சி'தான்! 2006-ல் கறுப்பினக் கல்லூரிகளின் சார்பில் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். நடத்தும் படிப்புகளையே பக்கத்தில் நகல் எடுத்துக் கறுப்பினக் கல்லூரிகளை மாநிலம் பலவீனப்படுத்துகிறது என்பதை 2013-ல் நீதிமன்றமும் ஏற்றது. நான்கு கல்லூரிகளுக்கு 57.7 கோடி டாலர் என்று 2021-ல்தான் முடிந்தது. பதினைந்து வருடம்.

தொழில்முனைவுப் பாடம் நடத்தினால் மட்டும் ஸ்டார்ட்அப் வந்துவிடாது. முதலில் கொடுக்க வேண்டிய காசைக் கொடுக்கட்டும். 1890 சட்டத்தின் கீழ் வந்த கறுப்பின நிலக்கொடைக் கல்லூரிகளுக்கு (விவசாயமும் தொழிற்கல்வியும் கற்பிக்க அரசு உதவியோடு வந்தவை) மாநிலங்கள் முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கின்றன என்று 2023-ல் மத்திய கல்வி அமைச்சரும் விவசாய அமைச்சரும் பதினாறு ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். டென்னஸ்ஸி ஸ்டேட் ஒன்றுக்கே ஏறத்தாழ 210 கோடி. ஆப்பிளின் இரண்டரைக் கோடியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

கார்குழலி (அட்லாண்டா)

அண்ணா, பாக்கியைக் கேட்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அது வரும்வரை இருபது வயதுப் பிள்ளை காத்திருக்க முடியுமா? நான்கு வருடத்தில் அவள் வெளியே போய்விடுவாள்.

நீங்கள் சொன்ன அதே டல்லஹாசியில்தான் 1982-ல் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே பொறியியல் கல்லூரியைத் தொடங்கின. 2014-ல் அதைப் பிரிக்க மாநில செனட்டில் முயற்சி நடந்தது. நடக்கவில்லை. இன்றும் ஒரே கூரைதான். தனியாக நின்றிருந்தால் அந்த அளவு ஆய்வகம் வந்திருக்குமா?

பொன்னரசு

பிரிக்க வந்தார்கள் என்று நீயே சொல்கிறாய். அடுத்த முறை நடந்துவிட்டால்? கட்டடம் யார் கையில் மிஞ்சும்?

சிவகாமி

இப்படி ஒரு கல்லூரியில்தான் நான் வேதியியல் கற்பிக்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு பருவத்துக்கு நான்கு பாடம். ஆய்வுக்கு மிஞ்சுவது சனிக்கிழமை மட்டும். 'புத்தாக்கச் சூழல்' என்று பேசுகிறவர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

கூட்டு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வரும். மானிய விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பத்து நாளில் இருக்கும். 'உங்கள் கல்லூரி பங்காளியாகச் சேர்ந்தால் விண்ணப்பம் வலுவாகும், ஒரு ஆதரவுக் கடிதம் மட்டும் போதும்' என்பார்கள். திட்டம் ஏற்கெனவே எழுதி முடிந்திருக்கும். பணம் வந்தால் நமக்கு ஒரு சிறு துணை ஒப்பந்தம், இரண்டு மாணவர்களுக்குக் கோடைக்கால உதவித்தொகை. கருவி அங்கே, கட்டுரையில் முதல் பெயர் அங்கே, ஏதாவது கண்டுபிடிப்பு வந்தால் காப்புரிமையும் அங்கே. எனக்கு இது மூன்று முறை நடந்தது. நான்காவது முறை மறுத்துவிட்டேன்.

ஆனாலும் நான் முழுக்கப் பொன்னரசு பக்கம் இல்லை. அந்தக் கோடையில் போய் வந்த மாணவி ஒருத்திதான் திரும்பி வந்து, துணிச்சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒரு வடிகட்டியைச் செய்ய ஆரம்பித்தாள். அங்கே போயிராவிட்டால் அந்தக் கருவியை அவள் தொட்டிருக்கவே மாட்டாள்.

இளம்பரிதி

ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லலாமா? அலபாமாவில் டஸ்கிகி என்ற கறுப்பினக் கல்லூரி 1881-ல் தொடங்கியபோது அவர்களிடம் ஒழுங்கான கட்டடம்கூடக் கிடையாது. அதன் முதல் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் மாணவர்களை வைத்துச் செங்கல் அறுக்க ஆரம்பித்தார். மூன்று சூளையும் வீணாய்ப் போயின. கையில் காசு இல்லை. தன் கடியாரத்தை மான்ட்கோமரியில் பதினைந்து டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். அது வெந்தது. கடியாரம் திரும்பவில்லை. அப்புறம் அக்கம்பக்கத்து வெள்ளையர்களே செங்கல் வாங்க வந்தார்கள். 1906-ல் அங்கிருந்துதான், அங்கே வேளாண் ஆராய்ச்சி செய்துவந்த கார்வரின் யோசனையில் உருவான குதிரை வண்டி, விதையும் கருவியுமாகக் கிராமம் கிராமமாகப் போனது. அந்த வண்டிக்குக் காசு கொடுத்தவர் நியூயார்க் வங்கியாளர் ஜெசப். வெளிக்காசும் உள்மூளையும் சேர்ந்ததுதானே?

பணம் வந்த பிறகுதான் தொழில் என்றால் டஸ்கிகியே இருந்திருக்காது, பொன்னரசு.

பொன்னரசு

நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், இளம்பரிதி. அதையே என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஜெசப் காசு கொடுத்தார். ஆனால் வண்டியில் என்ன ஏற்றுவது, எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்தது டஸ்கிகி. சூளையும் டஸ்கிகியுடையது. சிவகாமி மேடம் சொன்ன துணை ஒப்பந்தத்தில் சூளை யாருடையது?

அதே டஸ்கிகியில் படித்த லோனி ஜான்சனையும் பாருங்கள். சூப்பர் சோக்கர் தண்ணீர்த் துப்பாக்கி அவர் கண்டுபிடித்தது. காப்புரிமை அவர் பெயரில் இருந்தது. அதனால்தான் ராயல்டி பாக்கிக்காகப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவை எதிர்த்துப் போய் 2013-ல் 7.29 கோடி டாலர் வாங்க முடிந்தது. அந்தப் பணம் அவருடைய பேட்டரி ஆராய்ச்சிக்கு உதவியது. காகிதம் வேறொருவர் பெயரில் இருந்திருந்தால் ஒரு நன்றிக் கடிதத்தோடு முடிந்திருக்கும்.

கார்குழலி (அட்லாண்டா)

சிவகாமி அக்கா எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவில் ஒன்று தப்பு என்று தெரிகிறது. பக்கத்துக் கல்லூரியோடு சேர்வதையும் பெரிய இடத்தோடு சேர்வதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். 1929-ல் நடந்தது சமமானவர்களின் கூட்டு. யாரும் யாருக்கும் துணை ஒப்பந்தக்காரர் இல்லை. அந்த வலு கையில் இருந்ததால்தான் 1969-ல் ஜார்ஜியா டெக்கோடு உட்கார்ந்து பேசும்போது மூன்று வருடம் தங்களிடமே வைத்துக்கொள்ள முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒற்றைக் கல்லூரியாகப் போயிருந்தால் முடிந்திருக்குமா?

அதனால் கூட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன் அண்ணா. முதலில் தங்களுக்குள், பிறகு வெளியே. அவ்வளவுதான் மாற்றிக்கொள்கிறேன்.

பொன்னரசு

வரிசையை ஒத்துக்கொள்கிறேன். பாக்கிப் பணம் வராமல் அது ஓடாது என்பதை விட மாட்டேன். 2025-ல் கறுப்பினக் கல்லூரிகளில் ஹோவர்ட் பல்கலைக்கழகம் ஒன்று மட்டும் ஆய்வில் முதல் தரப் பல்கலைக்கழகப் பட்டியலுக்குள் வந்திருக்கிறது. நூறில் ஒன்று.

சிவகாமி

எங்கள் மாநிலத்தில் இப்படி மூன்று சிறு கல்லூரிகள் அறுபது மைல் சுற்றளவில் இருக்கின்றன. மூன்றிலும் காப்புரிமைக்கென்று ஓர் ஆள் கிடையாது. மூன்றும் சேர்ந்து ஒரு வழக்கறிஞரைப் பாதி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று போன மாதம் டீனிடம் எழுதிக் கொடுத்தேன். பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து ஒப்பந்தம் வந்தால் முதலில் அவர் படிப்பார், பிறகுதான் கையெழுத்து. அந்த மாணவியின் வடிகட்டிக்கு விண்ணப்பம் எழுதுவதுதான் அவருடைய முதல் வேலையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.