பயனர்கள் போட்ட பதிவால் விளம்பரம் நின்றுவிட்டது, எங்கிருந்து சரிசெய்வது?

ஐந்துரோடு எழுதியது:

வணக்கம். சேலம், ஏற்காடு பக்கத்து ஆட்களுக்காக ஒரு தளம் நடத்துகிறேன். ஏற்காட்டில் தங்கிய ஹோம்ஸ்டே எப்படி இருந்தது, எந்த எஸ்டேட்டில் காப்பிக்கொட்டையும் மிளகும் நேரடியாகக் கிடைக்கும், சீசனில் மல்கோவா என்ன விலை போகிறது என்று மக்களே எழுதுவார்கள். அப்புறம் வாங்க-விற்க என்று ஒரு பகுதி. பழைய பைக், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு ஆள் தேவை, ஆடு, மாடு, சேவல் எல்லாம் அதில் வரும். நான் எழுதுவது சொற்பம். வருமானம் விளம்பரம் மட்டும்தான்.

மே மாதம் கோடை விழா நேரத்தில்தான் எங்களுக்குக் கூட்டம். அதற்குள் விளம்பர நிறுவனத்திலிருந்து மடல் வந்துவிட்டது. சில பக்கங்களில் விளம்பரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். காரணம் இரண்டு சொல்கிறார்கள்: விலங்குகளைக் கொடுமைப்படுத்துதல், பணத்துக்குப் பாலியல் சேவை. முதலாவது சேவல் விற்பனைப் பக்கங்கள். இரண்டாவது, ஹோம்ஸ்டே விமர்சனங்களுக்குக் கீழே யாரோ போன் நம்பரோடு போட்டுவிட்டுப் போன குப்பை.

தளத்தின் அடியில் "பதிவுகளுக்கு எழுதியவரே பொறுப்பு" என்று போட்டிருக்கிறேன். கெட்ட வார்த்தை வடிகட்டியும் ஓடுகிறது. இதற்கு மேல் என்ன செய்வது? அந்தப் பக்கங்களை அழித்துவிட்டு மறுபரிசீலனை கேட்டால் போதுமா? சேவல் விற்பதே தப்பா என்ன?

கொண்டலாம்பட்டி எழுதியது:

கமென்ட்டை மூடிவிடுங்கள், தலைவலி போச்சு. சேவல்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் விற்றுக்கொள்ளட்டும்.

அஸ்தம்பட்டி எழுதியது:

தம்பி, மூட வேண்டாம். ஊர்க்காரர்கள் எழுதுவதைப் படிக்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். அதை மூடினால் விளம்பரத்துக்கு இடம் இருக்கும், பார்க்க ஆள் இருக்காது.

எந்த விளம்பர நெட்வொர்க் என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்குப் பழக்கமானது கூகுளின் ஆட்சென்ஸ். தமிழை 2018இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதன் விதிகளை வைத்துச் சொல்கிறேன், உங்களுடையதிலும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த "எழுதியவரே பொறுப்பு" வரி. இருக்கட்டும், ஆனால் இந்த விஷயத்தில் அது செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்காகத் தளம் நடத்துகிறவர் மாட்டிக்கொள்ளாமல் சில நிபந்தனைகளோடு காப்பாற்றும். அது சட்டம். விளம்பரம் என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். விளம்பரம் வருகிற பக்கத்தில் உள்ள அத்தனைக்கும், கமென்ட், பயனர் ஏற்றிய படம் உட்பட, தளத்துக்காரரே பொறுப்பு என்று அதில் இருக்கிறது. திண்ணை உங்களுடையது, உட்கார்ந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

சேவலுக்கு வருகிறேன். வளர்ப்புக்கோ கறிக்கோ நாட்டுச்சேவல் விற்பதில் ஒன்றும் இல்லை. சண்டைச் சேவல்தான் சிக்கல். வேடிக்கைக்காக விலங்குகளை மோதவிடுவதைச் சொல்லும்போது சேவல் சண்டை, நாய்ச் சண்டை என்று பெயர் சொல்லியே விதியில் வைத்திருக்கிறார்கள். தலைப்பில் "கத்திக்கால் (காலில் கத்தி கட்டி மோதவிடுவது), களத்தில் ஜெயித்தது" என்று போட்டு, கீழே மோதல் வீடியோவும் இருந்தால் வேறென்ன வேண்டும்? நம்ம ஊரில் பொங்கலுக்கு இது சாதாரணம்தான் என்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேரம்தான் வீண். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960உம் விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது.

இந்தச் சாக்கில் வாங்க-விற்க பகுதியில் "மண்ணுளிப் பாம்பு", "நட்சத்திர ஆமை" என்று தேடிப் பாருங்கள். இருந்தால் விளம்பரத்தைப் பற்றி யோசிக்காமல் பதிவையே தூக்குங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் போய் நிற்கும் விவகாரம் அது.

இப்போது முக்கியமானது. ஒரு பதிவை வெளியிடலாமா என்பது ஒரு முடிவு. அந்தப் பக்கத்தில் விளம்பரம் வரலாமா என்பது இன்னொரு முடிவு. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் விளம்பர நிரலை வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. பதிவு விழுந்த நொடியே விளம்பரமும் வந்துவிடும். அதைப் பிரியுங்கள். பதிவு உடனே வெளியாகட்டும். ஒரு ஆள் படித்துப் பார்த்துச் "சரி" என்று குறித்த பிறகுதான் அந்தப் பக்கத்துக்கு விளம்பரம். புதிதாகக் கமென்ட் விழுந்தால் அந்தக் குறி தானாக நீங்கிவிட வேண்டும். இப்படிச் செய்தால் யார் எழுதியதையும் அழிக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் வராது. உங்கள் உறுப்பினர்களோடு சண்டையும் வராது.

ஐந்துரோடு எழுதியது:

நன்றி அக்கா. இப்படிப் பிரித்து நான் யோசித்ததே இல்லை. குறி இல்லாத பக்கத்தில் விளம்பரப் பெட்டியை சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் பகுதி) மறைத்துவிட்டால் போதும்தானே? எனக்கு அதுதான் சுலபம்.

சூரமங்கலம் எழுதியது:

அண்ணா, அதை மட்டும் செய்யாதீர்கள். சிஎஸ்எஸ்ஸில் மறைத்தாலும் பின்னால் விளம்பரக் கோரிக்கை போய்க்கொண்டேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விளம்பரம் என்பது தனியாக ஒரு விதிமீறல், இருக்கிற புகாரோடு இன்னொன்று சேர்ந்துவிடும். சர்வரிலேயே பார்த்து, குறி இல்லையென்றால் விளம்பர நிரலே பக்கத்தில் எழுதப்படாதபடி செய்யுங்கள். பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச் பிளக்இன் வைத்திருந்தால் குறி மாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தின் கேச்சும் அழிய வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எடுத்த பிறகும் பழைய பக்கமே விளம்பரத்தோடு போய்க்கொண்டிருக்கும். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

விளம்பரம் எங்கே வரும் என்பதைத் தானே முடிவுசெய்யும் தானியங்கி விளம்பரத்தை ஆன் செய்து வைத்திருக்கிறீர்களா? அதற்கு உங்கள் குறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதன் ஸ்கிரிப்டும் குறி உள்ள பக்கத்தில் மட்டும் ஏறட்டும். உள்நுழையும் பக்கம், "முடிவு எதுவும் இல்லை" என்று வரும் தேடல் பக்கம், பிழைப் பக்கம், வெறுமையான உறுப்பினர் பக்கம் இவற்றையெல்லாம் விலக்குப் பட்டியலில் போடுங்கள். உள்ளடக்கமே இல்லாத பக்கத்தில் விளம்பரம் காட்டக் கூடாது என்பதும் விதிதான்.

அக்கா சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு கமென்ட்டுக்கும் குறி நீங்கினால் மே மாதத்தில் நல்ல பக்கங்கள் எல்லாம் விளம்பரம் இல்லாமலே கிடக்கும். "லேடீஸ் சீட்டில் இன்று பனி" என்று ஒருவர் எழுதியதற்காகவா வருமானத்தை விடுவது? இணைப்பு, படம், போன் நம்பர் உள்ள கமென்ட், புதிய கணக்கிலிருந்து வரும் கமென்ட், இவற்றை மட்டும் வெளியிடாமலே நிறுத்தி வையுங்கள். பழைய உறுப்பினரின் வெறும் எழுத்து நேராகப் போகட்டும்.

அடுத்தது வடிகட்டி. தமிழில் அது ஏன் கோட்டைவிடுகிறது என்றால், "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் போடலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும், நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள். அதனால் ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். நடுவில் சொருகும், கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா எழுத்துகளையும் நீக்குங்கள், குப்பை போடுகிறவர்களுக்கு அது பிடித்த வேலை.

தமிழில் விகுதி ஒட்டிக்கொண்டே போகும் என்பதால் முழுச் சொல்லாகத் தேடினால் பாதி தப்பிக்கும். சொல்லின் ஒரு துண்டைத் தேடினாலோ நல்ல சொல்லும் மாட்டும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது வேறு. நம்பரை "ஒன்பது எட்டு நான்கு" என்று எழுத்தில் போடுகிறவர்களும் உண்டு. அதனால் வடிகட்டியை "அழி" என்று சொல்ல விடாதீர்கள், "நிறுத்தி வை" என்று மட்டும் சொல்லட்டும். பார்ப்பது ஆளாக இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி எழுதியது:

சூரமங்கலம் தம்பி சொல்வது சரி. சீசன் தளத்துக்கு அதுதான் பொருந்தும், என்னுடையதில் கமென்ட் குறைவு என்பதால் அப்படிச் சொன்னேன். ஆனால் வாங்க-விற்க பகுதிக்கு மட்டும் நான் சொன்னபடியே வையுங்கள், அங்கே பழைய உறுப்பினர்தான் சண்டைச் சேவல் விற்கிறார்.

ஐந்துரோடு எழுதியது:

அது என்னவோ உண்மைதான்! சரி, மறுபரிசீலனை எப்போது கேட்கலாம்? இன்றே கேட்டுவிடவா? அப்புறம் ரம்மி இணைப்பு போடுகிறவர்களை என்ன செய்வது? அதைப் பற்றி மடலில் ஒன்றும் இல்லை.

அஸ்தம்பட்டி எழுதியது:

இன்று கேட்காதீர்கள். மடலில் வந்த பக்கங்கள் அவர்கள் கண்ணில் பட்டவை, அதே மாதிரி இன்னும் எத்தனை கிடக்கிறதோ. "கத்திக்கால்", "வெத்துக்கால்" (கத்தி கட்டாமல் மோதவிடுவது), "களம்" என்று நீங்களே தேடி எல்லாவற்றிலும் விளம்பரத்தை எடுத்த பிறகு கேளுங்கள். மறுபரிசீலனைக்கு வழக்கமாக ஒரு வாரம் போல ஆகும், கூடவும் ஆகலாம். அதனால் கோடை விழாவுக்குக் கடைசி நேரம் வரை விட்டுவைக்காதீர்கள். இன்னொன்று, விளம்பரத்துக்காகப் பக்கங்களைப் படிக்க வரும் ரோபோ நிரல் வேறு, தேடலுக்கு வருவது வேறு. விளம்பர ரோபோவின் பெயர் மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள். குப்பைக்குப் பயந்து ரோபோட்ஸ் கோப்பில் (எந்த ரோபோ வரலாம் என்று சொல்லும் கோப்பு) அந்தப் பெயரையும் தடுத்து வைத்திருந்தால் அது உங்கள் பக்கத்தைப் படிக்க முடியாது. அதைத் திறந்து விடுங்கள்.

ரம்மி மடலில் இல்லாததற்குக் காரணம் உண்டு. ஆட்சென்ஸில் தடை வேறு, கட்டுப்பாடு வேறு, 2019இலிருந்து அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இணையச் சூதாட்டம், புகையிலை, இணையத்தில் மது விற்பது எல்லாம் கட்டுப்பாட்டு வகை. அந்தப் பக்கத்துக்கு விளம்பரம் குறையும், சில நேரம் ஒன்றுமே வராது, ஆனால் விதிமீறலாகக் கணக்கில் ஏறாது. அதற்காக ரம்மி இணைப்பை விட்டுவைக்கச் சொல்லவில்லை. உங்கள் வாசகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, எடுத்துவிடுங்கள்.

உறுப்பினர் யாராவது அன்பில் "தளம் ஓட வேண்டும், விளம்பரத்தைத் தட்டுங்கப்பா" என்று எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். போலிச் சொடுக்கு (கிளிக்) சேலைக் கடைத் தள்ளுபடி மாதிரி தாராளமாக வந்து குவியும், அப்புறம் கணக்கே முடங்கிவிடும்.

சூரமங்கலம் எழுதியது:

பத்திரிகைப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிற உறுப்பினர்கள் இருந்தால் அதையும் கவனியுங்கள் அண்ணா. அது பதிப்புரிமை. செய்தியை இரண்டு வரியில் சொல்லி இணைப்புக் கொடுக்கச் சொன்னால் போதும்.

ஐந்துரோடு எழுதியது:

தேடிப் பார்த்தேன். சேவல் பக்கங்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அக்கா சொன்ன மண்ணுளிப் பாம்பும் ஒன்று இருந்தது, பதிவை எடுத்து அந்தக் கணக்கையும் முடக்கிவிட்டேன். சர்வரில் குறி வைக்கும் வேலை இன்று இரவு. சேவல் விற்பவர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்: இனம், வயது, எடை, விலை மட்டும் போடலாம், களம் பற்றிய பேச்சும் வீடியோவும் கூடாது. இப்படிப் போட்டால் சரியாக இருக்குமா அக்கா?

அஸ்தம்பட்டி எழுதியது:

போடுங்கள். இனத்தின் பெயரில் "கத்திக்கால்" என்று எழுதி நுழைப்பார்கள், அதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.