ஒரே கன்னே, மூன்று விதிநூல்கள்

பண்டைக்காலப் போர்களைப் பொம்மை வீரர்களை வைத்து ஆட எந்த விதிநூலை வாங்கலாம் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பட்டியல் போட்டு மார்க் கொடுக்க எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஆடுவது இங்கிலாந்தில், புதன்கிழமை இரவுகளில், ஒரு சர்ச் ஹாலில். ஏழரைக்கு மேசை விரித்தால் பத்தரைக்குச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். புது விதிநூல் எது கைக்கு வந்தாலும் முதலில் ஆடிப் பார்ப்பது கன்னே போர்தான். கி.மு. 216-இல் கார்த்தேஜ் நகரத் தளபதி ஹன்னிபால் தன்னைவிடப் பெரிய ரோமானியப் படையைச் சுற்றி வளைத்துத் தீர்த்த இடம். அவன் படையின் நடுவில் நிற்கும் கௌலியரும் ஸ்பானியரும் அடி வாங்கிக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும், ஆனால் உடைந்து ஓடக் கூடாது. அதற்குள் இரு ஓரத்து ஆப்பிரிக்கக் காலாள் உள்பக்கமாகத் திரும்ப வேண்டும், குதிரைப்படை எதிரியின் முதுகுக்கு வந்து சேர வேண்டும். இது மேசையில் எங்கே இடறுகிறது என்று பார்த்தால் போதும், விதிநூலின் குணம் தெரிந்துவிடும்.

முதலில் ஆடியது டி.பி.ஏ. (டி பெல்லிஸ் ஆன்டிக்விடாட்டிஸ்). 1990-இல் வந்தது. ஆளுக்கு 12 கட்டைகள்தான். கட்டை என்றால் சில பொம்மைகளைச் சேர்த்து ஒட்டிய ஒரு தட்டு. 15 மி.மீ. உயரப் பொம்மை என்றால் இரண்டடிச் சதுர மேசை போதும். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை, அதில் விழும் எண்ணுக்கு ஏற்ப அத்தனை குழுக்களை நகர்த்தலாம். இதில் கௌலியர் ‘வார்பேண்ட்’ வகை, ஆவேசமாகப் பாயும் கூட்டம். ரோமானியக் காலாளோடு மோதினால் கணக்குப்படி அவர்கள் பலவீனம்தான். ஆனால் எப்படியோ பகடையில் மிஞ்சிவிட்டால், எதிரி பின்னால் தள்ளப்படுவதோடு நிற்காது, அந்தக் கட்டையே மேசையைவிட்டுப் போய்விடும். அன்று எனக்கு ஆறு மேல் ஆறு. பின்வாங்க வேண்டிய என் நடுப்படை இரண்டு ரோமானியக் கட்டைகளைத் தின்றுவிட்டு முன்னேறிப் போனது! ஜெயித்தேன், ஆனால் அது கன்னே இல்லை. 12-க்கு 12 என்று சரிசமமாக நிற்கும்போது பெரிய படையைப் பார்க்கும் பயமும் வரவில்லை. எதிரே இருந்த பெரியவர், “இன்னொரு ஆட்டம் போடலாமா?” என்றார். மணி எட்டேகால். இந்த வசதி வேறு எதில் கிடைக்கும், சொல்லுங்கள்.

அடுத்தது ஹெயில் சீசர், 2011-இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதியது. இதில் உத்தரவை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பகடை உருட்ட வேண்டும். “வலது ஆப்பிரிக்கப் படை இடப்பக்கம் திரும்பி ரோமானியரின் விலாவில் இறங்கட்டும்” என்று பெரிதாக அறிவித்துவிட்டு இரண்டு பகடையை உருட்டினேன். தளபதியின் மதிப்பு 8 என்றால் 8 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். 36-க்கு 26 வாய்ப்பு, தாராளம்தான். ஆனால் இரண்டு ஓரமும் ஒரே சமயத்தில் திரும்ப வேண்டுமே. இரண்டும் பலிக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். தவறினால் அந்தத் தளபதி அந்த முறை வேறு உத்தரவே கொடுக்க முடியாது. என் வலது ஓரம் மூன்று முறை கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு. எனக்கும்தான். பத்து மணிக்கு ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திப் பெட்டியில் அடுக்கினோம். சனிக்கிழமை முழுநாள் கிடைத்தால் நான் தேடுவது இதைத்தான்.

மூன்றாவது டு த ஸ்ட்ராங்கஸ்ட். மேசை முழுக்கக் கட்டம், அளவுநாடாவே வேண்டாம். பகடைக்குப் பதில் 1 முதல் 10 வரையான சீட்டுகள். 1 வந்தால் படை அசையாது. அதே படையை மறுபடி நகர்த்த வேண்டுமானால் முந்தைய சீட்டைவிடப் பெரியது வர வேண்டும். கையில் 8 விழுந்த பிறகு இன்னொன்று இழுப்பதா, விடுவதா? ரம்மி ஆடும் வீட்டில் வளர்ந்தவன், கை சும்மா இருக்குமா? 9 வந்தது. குதிரைப்படை ரோமானியரின் முதுகுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பத்து. புதன்கிழமைக்கு இனி இதுதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

*

அண்ணா, ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பொம்மையை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டு! நான் 28 மி.மீ. ரோமானியர் 200 பேருக்கு வண்ணம் தீட்டி, வார்ஹாமர் ஏன்ஷியன்ட் பேட்டில்ஸ் என்ற விதிநூலுக்காக ஒவ்வொருவரையும் 20 மி.மீ. சதுரத் தட்டில் தனித்தனியாக ஒட்டினேன். கொஞ்ச நாளில் அதை ஆட ஆளே இல்லை. எல்லாரும் டி.பி.ஏ. பக்கம் போய்விட்டார்கள். அதில் இந்த அளவுப் பொம்மைக்கு 60 மி.மீ. அகலக் கட்டை. பெயர்க்க உட்கார்ந்தேன். முதல் ஆறு பேரில் இருவருக்குக் கணுக்காலோடு போய்விட்டது. மனைவி பார்த்துவிட்டு, “ஒரு தட்டில் மூணு பேரை அப்படியே நிக்க வைக்க முடியாதா?” என்றாள். மூன்று 20 சேர்ந்தால் 60! தகரத் தட்டு வெட்டி, ஒவ்வொரு பொம்மையின் தட்டுக்கு அடியிலும் காந்தத் தாள் ஒட்டியதோடு பிரச்சினை தீர்ந்தது. இப்போது எந்த விதிநூல் வந்தாலும் தகரத் தட்டை மட்டும் மாற்றுகிறேன்.

*

தம்பி, அந்தத் தகரத்தின் தடிமன் எவ்வளவு? என்னிடமும் தனித்தட்டில் ஒட்டிய கௌலியர் எண்பது பேர் பரணில் கிடக்கிறார்கள்.