ஜாங்கோ: ஒரே கார்டு டெம்ப்ளேட்டைப் பல ஆப்களில் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி:
ஜாங்கோ 5.2 (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்). பொருள் கார்டு ஒன்று கடை, தேடல், விருப்பப்பட்டியல் என மூன்று ஆப்களில் காப்பி-பேஸ்ட் ஆகிக் கிடந்தது. தனி ஃபைலாக்கி இன்க்ளூட் செய்தேன். கார்டுக்குள் ஒரு பிளாக் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் பட்டனை மட்டும் மாற்றப் பார்த்தால் மாறவே இல்லை, எரரும் வரவில்லை. பிறகு இன்க்ளூடில் 'ஒன்லி' (நாம் அனுப்பும் வேரியபிள்கள் மட்டும் உள்ளே போகட்டும் என்பது) சேர்த்ததும், கார்டில் உள்ள ஃபார்ம் 403 (அனுமதி மறுப்பு) எரர் தருகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
பிளாக் மாறாதது பக் இல்லைங்க. இன்க்ளூட் ஆகும் ஃபைல் தனியாக ரெண்டர் ஆகி, வெறும் ஹெச்டிஎம்எல்லாகத்தான் பக்கத்தில் வந்து விழும். பேஸ் டெம்ப்ளேட்டை எக்ஸ்டெண்ட்ஸ் செய்யும் பக்கத்துக்கு அதற்குள் இருக்கும் பிளாக் தெரியவே தெரியாது. பட்டனையும் சின்ன ஃபைலாக்கி, அதன் பெயரை 'வித்' மூலம் வேரியபிளாக அனுப்புங்க. கார்டுக்குள் அந்த வேரியபிளை இன்க்ளூட் பண்ணினால் போதும்.

403க்குக் காரணம் 'ஒன்லி'. கான்டெக்ஸ்ட் பிராசசர்கள் (எல்லா டெம்ப்ளேட்டுக்கும் பொதுவான வேரியபிள்களைத் தருபவை) தந்த எதுவும் உள்ளே போகாது, ஃபார்ம் நம் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் உட்பட. அதனால் ஃபார்மில் உள்ள சிஎஸ்ஆர்எஃப் டேக் வெறுமையாக ரெண்டர் ஆகும். டிபக் ஆனில் இருந்தால் டெர்மினலில் எச்சரிக்கை வந்திருக்கும், பாருங்க. 'வித்'தில் டோக்கனையும் அதே பெயரில் சேர்த்து அனுப்புங்க.

பதில் 2:
கார்டுக்கு விலைக் கழிவு மாதிரி ஏதாவது கணக்கிட வேண்டியிருந்தால் இன்க்ளூஷன் டேக்தான் (பைத்தானில் கணக்கிட்டு ஒரு டெம்ப்ளேட்டை ரெண்டர் செய்யும், நாமே எழுதும் டேக்) சரி. அது சிஎஸ்ஆர்எஃப் டோக்கனைத் தானாகவே எடுத்துப்போகும். புது டேக் ஃபைல் போட்டதும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணணும். அந்த டேக்கைப் பயன்படுத்தும் ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் அதற்கான 'லோட்' வரி தனியாக வேண்டும். பேஸ் டெம்ப்ளேட்டிலிருந்து இறங்கி வராது.

ஃபைலை டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் நேராகப் போடாமல், உள்ளே ஆப் பெயரில் இன்னொரு ஃபோல்டர் வைத்துப் போடுங்க. இரண்டு ஆப்களில் ஒரே பெயர் இருந்தால், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் முதலில் வருவதே ஜெயிக்கும்.

கார்டைப் பொதுவாக்கியதும் பலர் கோட்டைவிடுவது குவரி (டேட்டாபேஸைக் கேட்கும் கேள்வி) எண்ணிக்கையில்தான். கார்டு வகைப் பெயரைத் தொட்டால் 40 பொருளுக்கு 40 கூடுதல் குவரி. மூன்று வியூக்களிலும் செலக்ட் ரிலேட்டட் (வகையையும் அதே குவரியில் சேர்த்து எடுப்பது) வேண்டும், படங்களுக்குப் ப்ரீஃபெட்ச் (எல்லாப் பொருளின் படங்களையும் முன்கூட்டியே ஒரே குவரியில் எடுப்பது). ஆர்டரிங் (இயல்பு வரிசை) இல்லாத பட மாடலில், முதல் படத்துக்கு 'ஃபர்ஸ்ட்' அழைத்தால் ப்ரீஃபெட்ச் செய்ததும் வீண். மறுபடி டேட்டாபேஸுக்குப் போகும். 'ஆல்' போட்டு 0ஆவதை எடுங்க.

பதில் 3:
ஜாங்கோ 6.0க்கு மாறினால் பார்ஷியல் வசதி (டெம்ப்ளேட்டின் ஒரு துண்டுக்குப் பெயர் வைத்து மறுபடி பயன்படுத்துவது) கோரிலேயே உண்டு. ஒரே ஃபைலுக்குள் திரும்பத் திரும்ப வரும் துண்டுக்கு அது வசதி. மூன்று ஆப்களுக்குப் பொதுவான கார்டுக்கு இன்க்ளூடையே வைத்துக்கொள்ளலாம்.