8 லட்சத்துக்குள்ள கார், விக்கிறப்ப காசு நிக்கணும்: வேகன் ஆரா, பஞ்சா, பழைய டிசையரா?

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலத்துல இருக்கேன், வேலை மதுரை டவுன்ஹால் ரோட்டுல. டெய்லி பஸ்லயோ பைக்குலயோ போயிருவேன், அங்கிட்டு கார கொண்டு போய் நிறுத்த எடமே கெடையாது. கார் வீட்டுக்குத்தான். நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. உசிலம்பட்டி பக்கம் ஊருக்கு மாசம் ரெண்டு தடவ, ஆஸ்பத்திரி, விசேஷ வீடு, வருசத்துக்கு ஒரு தடவ கொடைக்கானல், இம்புட்டுதான், மாசம் 550 கிலோமீட்டர் தாண்டாது.

ஆன்-ரோடு 8 லட்சம் வரைக்கும் முடியும், 4 கையில இருக்கு மிச்சம் லோன். மச்சான் வேகன் ஆர் எடு எப்ப வேணாலும் விக்கலாம்ங்கிறான், கூட வேலை பாக்குறவங்க பஞ்ச் எடுங்கிறாங்க, மாமனாரு 2019 டிசையர் டீசல் ஒண்ணு பாத்து வச்சிருக்காரு, 82,000 ஓடியிருக்கு 5.60 கேக்குறாங்க. மொத கார், கஷ்டப்பட்டு சேத்த காசு, நாளைக்கு விக்கிறப்ப ரொம்ப அடிபடக்கூடாது. எத எடுக்கலாம் சொல்லுங்கண்ணே.

வைகைக்கரை:
தம்பி, ரீசேல் ரீசேல்னு கேக்குறீங்க, எத்தன வருசம் வச்சிருக்கப் போறீங்கன்னு சொல்லலயே. அதத்தான் மொதல்ல முடிவு பண்ணணும்.

என் கணக்க சொல்றேன். 2018ல வேகன் ஆர் ஆன்-ரோடு 5.45க்கு எடுத்தேன், 2024ல 3.40க்கு குடுத்தேன். ஆறு வருசத்துல போனது 2.05, அதாவது வருசத்துக்கு 34 ஆயிரம். எங்க சகலை அதே சமயத்துல வேற வண்டி எடுத்தாரு, அது இங்கிட்டு அதிகமா ஓடாத மாடலு, 7.10க்கு எடுத்து 2.60க்குத்தான் தள்ள முடிஞ்சுச்சு, வருசத்துக்கு 75 ஆயிரம். ஓட்டுறதுக்கு அவரு வண்டி நல்ல வண்டிதான், ஆனா வாங்க ஆளு வரல.

அப்ப வேகன் ஆரே எடுத்துரலாமேன்னு தோணும். மூணு நாலு வருசத்துல மாத்துற ஆளுன்னா ஆமா, யோசிக்காம எடுங்க. உங்க ஓட்டத்துக்கு இந்த கார் பத்து வருசம் தாராளமா வரும். பத்து வருசம் கழிச்சு விக்கிறப்ப வேகன் ஆருக்கும் பஞ்சுக்கும் நடுவுல வித்தியாசம் 50 ஆயிரம்னே வச்சுக்குவோம், வருசத்துக்கு 5,000, மாசம் 420 ரூவா. அதுக்காக வீட்டுக்கு ஒத்துவராத வண்டிய பத்து வருசம் ஓட்டணுமா? எத்தன வருசம்ங்கிறத சொல்லுங்க, மிச்சத்த பேசுவோம். ஒண்ணு மட்டும், கம்பெனி இங்க தொடர்ந்து இருக்கணும். 2017ல செவர்லே, 2021ல ஃபோர்டு, 2022ல டட்சன்னு வரிசையா கடைய கட்டுனத பாத்துட்டோம். வேகன் ஆர், டிசையர் விக்கிற மாருதி, பஞ்ச் விக்கிற டாடா, இந்த ரெண்டுலயும் அந்த பயம் இல்ல.

ஒத்தக்கடை ஒர்க்‌ஷாப்:
அந்த டிசையர பத்தி நான் சொல்றேன், பதினேழு வருசமா இதான் தொழிலு. 1.3 டீசல் நல்ல இன்ஜின், மாருதி 2020 ஏப்ரலோட டீசலயே நிறுத்திட்டதால தேடி வாங்குற ஆளுங்களும் இருக்காங்க. ஆனா மாசம் 550 ஓட்டுறவருக்கு டீசல் எதுக்கு? லிட்டருக்கு பெட்ரோலு 17 கிலோமீட்டர் குடுக்குது டீசலு 21 குடுக்குதுன்னு வச்சாலும் வருசத்துக்கு சுமாரா பத்தாயிரம் மிச்சமாகும், ஒரு இன்ஜெக்டர் வேலையோ கிளட்ச் வேலையோ வந்தா ரெண்டு வருச மிச்சம் அங்கயே போயிரும்.

அப்புறம் முக்கியமானது, டிசையர்னாலே டி-போர்டா, அதாவது வாடகை டாக்ஸியா ஓடி ஓன் போர்டுக்கு, அதாவது சொந்த உபயோகத்துக்கு மாத்துன வண்டியான்னு பாக்கணும். ஆர்சிய மட்டும் பாக்காதீங்க, வண்டி நம்பர சொல்லி ஆர்டிஓ ஆபீஸ்ல விசாரிங்க, சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி கேளுங்க, ஒவ்வொரு சர்வீஸுக்கும் எத்தன கிலோமீட்டர்னு வரிசையா வரும், மீட்டர கொறச்சிருந்தா அங்க மாட்டிக்கும். டயர்ல நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். 82,000 ஓடுன வண்டியில நாலு டயரும் 2019ன்னு இருந்தா சந்தேகப்படணும், புது டயரா இருந்தா எப்ப மாத்துனாங்கன்னு கேக்கணும். கண்ணாடி பூராத்துலயும் வருசம் போட்டிருப்பான், ஒண்ணு மட்டும் வேற வருசம்னா ஏன் மாத்துனாங்கன்னு கேளுங்க. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, அடியில சேறு கோடு இருந்தா தண்ணியில நின்ன வண்டி. 2023 டிசம்பர்ல மெட்ராஸ்லயும் தூத்துக்குடி திருநெல்வேலி பக்கமும் எத்தன வண்டி முங்குச்சுன்னு தெரியும்ல, அதெல்லாம் எங்கிட்டாவது வித்துத்தானே ஆகணும்.

விலையும் கூட. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆயிருச்சு, முன்னாடி செஸ்ங்கிற கூடுதல் வரியோட 29. புது வண்டி விலை எறங்குனதுக்கப்புறம் பழைய வண்டிக்கு பழைய ரேட்டே சொன்னா ஒத்துக்காதீங்க.

மேலமாசி மதி:
அண்ணா, எல்லாரும் காசு கணக்கே பேசுறாங்க, உங்க அம்மா முழங்கால யாரும் பேசல. எங்க மாமியாருக்கும் அதே பிரச்சனை. நாங்க வண்டி எடுக்குறப்ப அவங்களையும் ஷோரூமுக்கு கூட்டிட்டு போயி ஒவ்வொண்ணுலயும் ஏறி எறங்க சொன்னோம். டிசையர் மாதிரி தாழ்வா இருக்குறதுல உக்காந்துருவாங்க, எந்திரிக்க ஒரு ஆளு கைய புடிச்சு தூக்கணும். வேகன் ஆர் சீட்டு நாற்காலி உசரம், அப்படியே உக்காரலாம். பஞ்ச்ல காலு கொஞ்சம் தூக்கி வைக்கணும், ஆனா கதவு 90 டிகிரி தொறக்குது, மொதல்ல முதுக காட்டி உக்காந்துட்டு அப்புறம் கால உள்ள எடுத்தா சிரமம் இல்ல. தயவுசெஞ்சு அம்மாவ கூட்டிட்டு போங்க, யூடியூப் பாத்து முடிவு பண்ணாதீங்க.

வாடிப்பட்டி ரோடு:
பசங்க ரெண்டு பேரு உக்கார்ற வண்டிங்கிறதால சொல்றேன். வண்டிய மோத விட்டு பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்குற குளோபல் என்கேப் டெஸ்ட்ல பஞ்ச் 2021ல 5 ஸ்டார், வேகன் ஆர் 2023ல 1 ஸ்டார்தான். டிசையருக்கு 5 ஸ்டார்னு விளம்பரத்துல வர்றது 2024 நவம்பர்ல வந்த புது மாடலு, உங்க மாமனார் பாத்த 2019க்கு அது கெடையாது, யாராவது சேத்து சொன்னா நம்பாதீங்க. ரெண்டு வருசம் முன்னாடி நாலு வழிச்சாலையில எனக்கு நேர் முன்னாடி ஒரு குடும்பம் போன வண்டி லாரி பின்னாடி மோதுச்சு, நாங்கதான் எறங்கி கதவ நெம்பி வெளிய எடுத்தோம். அதுக்கப்புறம் என்னால ரீசேல முன்னாடி வச்சு வண்டி பாக்க முடியல. எந்த வண்டி எடுத்தாலும் பின்னாடி சீட்டுலயும் பெல்ட் போட வைங்க, புள்ளைய மடியில வச்சுட்டு முன்னாடி உக்காராதீங்க.

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வைகைக்கரை அண்ணே, நீங்க கேட்டதுக்கப்புறம்தான் யோசிச்சேன், பத்து வருசத்துக்கு கொறஞ்சு விக்கிற ஆளு நான் இல்ல, இந்த பைக்கே பதினோரு வருசம் ஆச்சு.

டிசையர விசாரிச்சேன், 2022 வரைக்கும் டி-போர்டுல ஓடியிருக்கு, புரோக்கர் அத ஒரு வார்த்த சொல்லல. மாமனாருக்கே தெரியாது, பாவம் அவரு வருத்தப்பட்டாரு. ஞாயித்துக்கெழம அம்மாவ கூட்டிட்டு ரெண்டு ஷோரூமுக்கும் போனோம். வேகன் ஆர் அவங்களுக்கு ரொம்ப சுலபம், அத மறைக்க விரும்பல. பஞ்ச்ல மதி சொன்ன மாதிரி மொதல்ல உக்காந்துட்டு கால எடுத்தாங்க, மூணாவது தடவ நான் கை குடுக்காமலே ஏறிட்டாங்க. வீட்டுக்கு வந்து வாடிப்பட்டி அண்ணன் எழுதுனத படிச்சு காட்டுனேன், புள்ளைகளுக்கு எது கெட்டியோ அத எடுன்னுட்டாங்க. பஞ்ச் பெட்ரோல் மேனுவல், வெள்ளை, புக் பண்ணலாம்னு இருக்கேன். கொட்டேஷன்ல இன்சூரன்ஸ் 46 ஆயிரம், ஆக்சஸரீஸ் பேக் 18 ஆயிரம், ஹேண்ட்லிங் சார்ஜ்னு 6,500 போட்டிருக்காங்க. இதெல்லாம் கட்டித்தான் ஆகணுமா?

வைகைக்கரை:
இன்சூரன்ஸ் ஷோரூம்லதான் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. வெளிய ரெண்டு கொட்டேஷன் வாங்கி காட்டுங்க, அதே ஐடிவி (இன்சூரன்ஸ்ல வண்டிக்கு போடுற மதிப்பு), அதே ஆட்-ஆன் (கூடுதலா சேக்குற கவர்) வச்சு ஒப்பிடுங்க, அவங்களே கொறைப்பாங்க. ஆக்சஸரீஸ் பேக் வேணாம்னு சொல்லிருங்க, மேட்டும் சீட் கவரும் வெளிய போட்டுக்கலாம். ஹேண்ட்லிங் சார்ஜ் எதுக்குன்னு எழுத்துல கேளுங்க, எழுத்துல கேட்டாலே பாதி பேரு எடுத்துருவாங்க. ரோடு டாக்ஸ்ல பேரம் இல்ல, 5 லட்சத்துக்கு மேல 10 வரைக்கும் 13 சதவீதம், அது கவர்மென்ட்டுக்கு போறது.

முழுப்பணம் கட்டுறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பரையும் தயாரிச்ச மாசத்தையும் வாங்கி பாருங்க. போன வருசம் தயாரிச்சு யார்டுல நின்ன வண்டிய இந்த வருசம் ரிஜிஸ்டர் பண்ணி குடுத்துருவாங்க, ஆர்சியில தயாரிச்ச வருசம்தான் நிக்கும், விக்கிறப்ப ஒரு வருசத்த கழிச்சுத்தான் கேப்பாங்க. பழைய ஸ்டாக்குன்னா அதுக்கு தனியா டிஸ்கவுண்ட் கேட்டு வாங்குங்க, இல்ல வேற வண்டி வர வைக்கச் சொல்லுங்க.

ஒத்தக்கடை ஒர்க்‌ஷாப்:
டெலிவரிக்கு மொத நாளு யார்டுல போயி பகல் வெளிச்சத்துல பாருங்க தம்பி, சாயந்தரம் லைட்ட போட்டு காட்டுனா ஒத்துக்காதீங்க. தேவப்பட்டா என்னையும் கூப்பிடுங்க, ஞாயித்துக்கெழமைன்னா வந்துருவேன்.